கட்டில் மலையும் கப்பல் புழுவும்

மலாக்காவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் நேராக ஆ ஃபாமோசாவுக்கும் ஜோங்கர் வீதிக்கும் போய்விடுகிறார்கள். புக்கிட் காத்தில் பக்கம் வண்டியைத் திருப்ப அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. வரிசை வீடுகள், பள்ளிவாசல், கோயில், மாலையில் பிசாங் கோரெங் விற்கும் வண்டி, எப்போதும் நெரிசலாக இருக்கும் சாலைச் சந்திப்பு. பார்க்க அவ்வளவுதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள். ‘காத்தில்’ என்பது வேறு ஒன்றுமில்லை, நம்முடைய கட்டில். தமிழ் வணிகர்கள் மலாய்க்குக் கொடுத்துவிட்டு வந்த சொற்களில் அதுவும் ஒன்று. கட்டில் மலை! என் பாட்டி அந்த ஊரில்தான் இருக்கிறார், அதுவும் பகலில் பெரும்பாலும் கட்டிலில்தான்.

அதே கப்பலில் வந்து இறங்கிய இன்னொரு சொல் ‘காப்பால்’. கப்பல். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு புழு நுழைந்துவிட்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நிகழ்ச்சி இல்லாத நாள். பெரியப்பா தூண்டில் போட உம்பாய் பக்கம் கிளம்பினார், நானும் தொற்றிக்கொண்டேன். புக்கிட் காத்திலிலிருந்து கடற்கரைக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. உம்பாய் என்றால் நம் மக்களுக்கு ஈக்கான் பக்கார் கடைகள் ஞாபகம் வரும், அல்லது அஞ்சோங் பத்து படகுத்துறையில் படகேறிப் பூலாவ் பெசாருக்குப் போனது ஞாபகம் வரும். நாங்கள் கடைகளுக்குப் போகும் நேரம் அது இல்லை. காலை ஏழு மணி, நீர் வற்றிக் கிடந்தது. சேற்றில் நண்டுகள் மட்டும் அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருந்தன.

பெரியப்பா தூண்டிலோடு உட்கார்ந்துவிட, நான் கரையோரமாக நடந்தேன். சேற்றில் பாதி புதைந்து ஒரு கட்டை கிடந்தது. ஏதோ பழைய படகுத்துறையின் கால் போல. தொடை அளவு பருமன். மேலே குண்டூசி முனை அளவில் சில ஓட்டைகள். மற்றபடி நல்ல கட்டையாகத்தான் தெரிந்தது. காலால் தள்ளினேன். முறுக்கு உடைவது போல உடைந்தது.

உள்ளே கட்டையே இல்லை. விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கங்கள். ஒன்றையொன்று தொடாமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டு, வளைந்து வளைந்து ஓடின. ஒவ்வொரு சுரங்கத்தின் சுவரிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பூச்சு. இன்னும் ஈரமாயிருந்த ஒரு பகுதியில், வெளிறிய நூடுல்ஸ் மாதிரி ஒன்று மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் பெரியப்பாவின் மீன் போயிருக்கும்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “காப்பாங்” என்று ஒரே சொல்லில் முடித்தார். அவருடைய அப்பா வைத்திருந்த மரப்படகை அதுதான் தின்று தீர்த்ததாம். இப்போது அவரிடம் ஃபைபர் படகு. “அதைத் தின்னாது” என்று சிரித்தார்.

காப்பாங்கைக் கப்பல் புழு என்று சொல்கிறோமே தவிர, அது புழுவே இல்லை. சிப்பி இனம். கெராங் வாங்கி அவித்துத் தின்கிறோமே, அதற்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம். சிப்பிக்கு உரிய இரண்டு ஓடுகள் இதற்கும் உண்டு. ஆனால் அவை சின்னதாகச் சுருங்கித் தலைப்பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓடுகளில் அரம் போன்ற பற்கள். அதை வைத்து மரத்தைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறும். குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ஓட்டை போட்டு உள்ளே நுழைந்துவிட்டு, பிறகு உள்ளேயே வளரும். வாசல் மட்டும் குண்டூசி முனை அளவிலேயே இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து பார்த்தால் மரம் நன்றாக இருப்பது போலவே தெரிகிறது. உடையும் நாளில்தான் தெரியும்.

மலாக்கா ஆற்றங்கரையில் நிற்கும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். கடல்சார் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டிருக்கும் ஃப்ளோர் டி லா மார் கப்பலின் மாதிரி. பள்ளிச் சுற்றுலாவில் அதில் ஏறாத மலாக்காப் பிள்ளைகள் குறைவு. அசல் கப்பல் 1511ல் மலாக்காவைக் கொள்ளையடித்த அல்புகெர்க்கை ஏற்றிக்கொண்டு போகும்போது சுமத்திரா அருகே புயலில் மூழ்கியது. ஏற்கெனவே பழசாகி, நீர் கசிந்துகொண்டிருந்த கப்பல் அது. வெப்பக்கடலில் ஓடிய மரக்கப்பல்களுக்கு ஆயுள் குறைவு, அதற்கு இந்தச் சிப்பியும் ஒரு காரணம். கொலம்பஸ் கடைசிப் பயணத்தில், 1503ல், புழு தின்ற கப்பல்களோடு ஜமைக்காத் தீவில் கரையேறி ஏறத்தாழ ஓராண்டு மாட்டிக்கொண்டார். போர்த்துக்கீசியரை விரட்டி 1641ல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்களையும் அது விடவில்லை. அவர்களுடைய சொந்த நாட்டிலேயே, 1731ல், கடல் உள்ளே வராமல் தடுத்து நின்ற அணைகளின் மரத்தூண்களை உள்ளிருந்து அரித்துவிட்டது. பிறகு வெளிநாட்டிலிருந்து கல் இறக்கி அணைகளைப் போர்த்த வேண்டியதாயிற்று. மலாக்காவைப் பிடித்தவர்களின் வீட்டு வாசலைப் பிடித்த புழு என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு சிறு பிரியம் வந்துவிட்டது.

ஒரு நல்ல காரியமும் அதன் கணக்கில் உண்டு. அது துளைத்துக்கொண்டே பின்னால் சுவருக்குப் பூச்சும் பூசிக்கொண்டு போகும் முறையைப் பார்த்துத்தான் மார்க் புரூனல் என்ற பொறியாளர் சுரங்கம் தோண்டும் கவசத்துக்கு 1818ல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். தேம்ஸ் நதிக்கு அடியில் 1843ல் திறந்த சுரங்கம் அப்படித் தோண்டியது. கோலாலம்பூரில் எம்ஆர்டியில் பாதாளத்தில் போகும்போது இனி உம்பாய்க் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிற்காமல் மரத்தைத் தின்கிறதே, அது எப்படிச் செரிக்கிறது? மரத்தூளைச் செரிக்கும் வயிறு விலங்குகளிடம் லேசில் கிடையாது. கரையானுக்கும் மாட்டுக்கும் வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருந்து அந்த வேலையைச் செய்கின்றன. கப்பல் புழுவின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். மரத்தூள் செரிக்கும் அந்தப் பையில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. சமையலறையில் சமையற்காரரே இல்லாமல் சாப்பாடு தயாராகிறது!

சமையற்காரர் இருக்கும் இடம் வேறு. செவுள். மீனுக்கு இருப்பது போல இதற்கும் செவுள் உண்டு. வயிற்றிலிருந்து விலகித் தள்ளி இருக்கும் அந்தச் செவுளின் செல்களுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மரத்தை உடைக்கும் நொதிகளை அவை அங்கே செய்ய, அந்த நொதிகள் அங்கிருந்து வயிற்றுக்குப் போய்ச் சேருகின்றன. இதை 2014ல்தான் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் சாப்பாடு கேட்டரிங்காரர் வீட்டில் வெந்து வேனில் மண்டபத்துக்கு வருகிறதே, அந்த ஏற்பாடுதான். மரத்தில் சர்க்கரை கிடைக்குமே ஒழியப் புரதம் கிடைக்காது. அதற்கும் அந்தப் பாக்டீரியா வழி வைத்திருக்கிறது. உளுந்து, துவரை வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா போல இதுவும் நைட்ரஜனைப் பிடித்து, உடம்பு பயன்படுத்தும் சத்தாக மாற்றித் தருகிறது.

இந்தப் பாக்டீரியாவை 1983ல் அமெரிக்காவில் முதன்முறையாகத் தனியே பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். பின்னால் அதற்கு டெரெடினிபேக்டர் டர்னெரே என்று பெயர் சூட்டினார்கள். ‘டர்னெரே’ என்பது ரூத் டர்னர் என்ற பெண்மணியின் நினைவாக. ஹார்வர்டில் ஆயுள் முழுக்கக் கப்பல் புழுக்களை ஆராய்ந்து, 1966ல் அவற்றுக்கெல்லாம் ஒரு பெரிய விவரப் பட்டியல் எழுதி வைத்தவர். கட்டையை உடைத்துப் பார்த்து நான் கத்தினேனே, அவர் எத்தனை ஆயிரம் கட்டைகளை உடைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

2009ல் இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தபோது எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. அதில் சுமார் 7 விழுக்காடு, உயிர்கொல்லி மருந்து போன்ற சிக்கலான வேதிப்பொருள்களைச் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மண்ணில் வாழ்ந்துகொண்டு நமக்குப் பல ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்த பாக்டீரியாக்களிடம் இருக்கும் அளவுக்கு நிகரான ஒதுக்கீடு. ஒரு சிப்பியின் செவுளுக்குள் ஒண்டிக் குடித்தனம் செய்யும் உயிருக்கு இவ்வளவு பெரிய மருந்துக் கடை எதற்கு?

ஆய்வாளர்களின் ஊகம் இதுதான். வயிற்றில் மரம் உடைந்து சர்க்கரை ஆகிறது. சர்க்கரை இருக்கும் இடத்துக்கு ஊரில் உள்ள நுண்ணுயிர் எல்லாம் வந்து மொய்க்கும். அப்படி மொய்த்தால் புழுவுக்கு மிஞ்சாது. ஆனால் வயிறு சுத்தமாக இருக்கிறது. ஆகவே செவுளிலிருந்து யாரோ காவல் காக்கிறார்கள். 2013ல் அந்தக் காவலாளிகளில் ஒன்று பிடிபட்டது. டார்ட்ரோலான் என்ற பொருள். நடுவில் ஒரு போரான் அணுவைப் பிடித்து வைத்திருக்கும் விசித்திரமான அமைப்பு. ஆய்வகத் தட்டில் வளர்த்த பாக்டீரியாவில் மட்டுமின்றி, உயிருள்ள புழுவின் உடம்புக்குள்ளேயும் அது இருப்பதைக் கண்டார்கள். அதாவது பாக்டீரியா தன் வீட்டுக்காரரின் உடம்புக்குள் இருந்துகொண்டே மருந்து காய்ச்சுகிறது.

இதே மாதிரிக் குடித்தனங்கள் கடலில் இன்னும் பல. கப்பலின் அடியில் பாசி போலப் படரும் புகுலா என்ற ஓர் உயிர் இருக்கிறது. படகுக்காரர்கள் சுரண்டி எறிவார்கள். அதிலிருந்து கிடைக்கும் பிரயோஸ்டாட்டின் என்ற பொருளைப் புற்றுநோய்க்கு முதற்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்வது புகுலாவுக்குள் வாழும் பாக்டீரியா. புகுலாவின் குஞ்சுகள் உடம்பெல்லாம் அதைப் பூசிக்கொண்டு நீந்துவதால் மீன்கள் வாயில் போட்டதும் துப்பிவிடுகின்றன. அலையாத்தி வேர்களில் ஒட்டி வாழும் ஒரு கடற்பீச்சியிலிருந்து வந்த டிராபெக்டெடின் ஐரோப்பாவில் 2007லும் அமெரிக்காவில் 2015லும் புற்றுநோய் மருந்தாகவே அனுமதி பெற்றுவிட்டது. அங்கேயும் திரைக்குப் பின்னால் ஒரு பாக்டீரியாதான்.

ஒரு சங்கடம் மட்டும். பிரயோஸ்டாட்டின் 18 கிராம் எடுக்க ஒரு காலத்தில் சுமார் 13 டன் புகுலாவை அள்ள வேண்டியிருந்தது. பதினெட்டு கிராம் என்றால் ரசத்துக்குப் போடும் புளி அளவு! இப்படி அள்ளினால் கடல் என்னாகும்? புகுலாவின் பாக்டீரியாவை வெளியே எடுத்து வளர்ப்பது பெரும்பாடு. கப்பல் புழுவின் பாக்டீரியா அப்படி அடம் பிடிப்பதில்லை. ஆய்வகத்தில் தட்டில் வைத்தால் வளர்கிறது. ஒரு புழுவைக்கூடக் கொல்லாமல் மருந்தைச் செய்துபார்க்கலாம். ஆய்வாளர்கள் காப்பாங்கை விரும்புவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை, கட்டையின் ஒரு துண்டைக் கடல்நீர் நிரப்பிய வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு புக்கிட் காத்திலுக்குத் திரும்பினோம். பெரியப்பாவுக்கு மீன் கிடைக்காததால் வாளி காலியாகத்தான் இருந்தது. பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டா ஓகானரும் கூட்டாளிகளும் அந்த டார்ட்ரோலானைப் பாக்டீரியாவின் மேல் விடாமல், வேறு வகை ஒட்டுண்ணிகளின் மேல் விட்டுப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம். பூனை மூலம் பரவிக் கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் டாக்சோபிளாஸ்மா. பிறகு பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், அதாவது ஆளைக் கொல்லும் மலேரியா. எல்லாவற்றையும் அது ஆய்வகத்தில் அழித்தது. பிறந்த எலிக்குஞ்சுகளின் கிரிப்டோஸ்போரிடியம் தொற்றிலும் வேலை செய்தது. மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரை ஆவதற்கு இன்னும் எத்தனையோ படிகள் உண்டு, யாரும் காப்பாங்கைப் பிடித்து ரசம் வைக்கக் கிளம்ப வேண்டாம். பிலிப்பீன்ஸின் பாலாவானில் அதைப் பச்சையாகக் காடியில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அங்கே அதன் பெயர் ‘தமிலோக்’. வானொலியில் இந்தப் பெயரைச் சொன்னால் தமிழுக்கும் அதற்கும் தொடர்பு கண்டுபிடித்து நேயர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று பயந்து இதுவரை சொல்லாமல் இருக்கிறேன்.

மலேரியா என்ற சொல்லைப் பாட்டி சொல்ல மாட்டார். அவருக்கு அது குளிர் காய்ச்சல்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் புக்கிட் காத்திலுக்கு வெகு தொலைவில் இல்லை. மத்திய மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ல் தான் சாய் யான் என்பவர் நட்டது. அதன் பிறகு காடு வெட்டிய இடமெல்லாம் பால்மரம், பால்மரம் நின்ற இடமெல்லாம் நம் ஆட்கள், நம் ஆட்கள் இருந்த இடமெல்லாம் குளிர் காய்ச்சல். செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் 1897ல் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1901ல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் அந்தக் கண்டுபிடிப்பை நம்பிச் சதுப்பு நிலங்களின் நீரை வடிய வைத்தார், காய்ச்சல் குறைந்தது. ஆனால் வடிகால் வெட்ட எல்லாத் தோட்டத்துத் துரைக்கும் மனம் வரவில்லை. கொயினா மலிவு. தினம் காலையில் பிரட்டுக்குப் பிறகு வரிசையில் நிற்க வைத்து ஊற்றிவிட்டால் வேலைக்கு ஆள் கிடைக்கும்.

பாட்டிக்கு ஜப்பான்காரன் காலத்தில் எட்டு ஒன்பது வயது. டிரசர் கொடுத்த கொயினா அதற்கு முன்பே அவருக்குப் பழக்கம். குடித்தால் காதுக்குள் வண்டு இரையும் என்பார். அது கொயினாவின் பக்கவிளைவு என்று பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். போர் வந்ததும் அந்த வண்டுகூட இல்லாமல் போயிற்று. மருந்து வரவில்லை. அவருடைய தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். லயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அந்தப் பக்கம் காரில் போகும்போது பாட்டி எந்த வரிசை, எந்த வீடு என்று காட்ட முயல்வார், பிறகு கையை இறக்கிவிடுவார்.

இன்று மலேசியாவில் 2018லிருந்து உள்ளூரில் மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா பதிவாகவில்லை. பெரிய சாதனைதான். ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. 2004ல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் அதை மனிதர்களிடம் பரவலாகக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. நமக்கு வடக்கே கம்போடியா, தாய்லாந்து எல்லைப்புறங்களில் ஃபால்சிபாரம் இப்போதைய முக்கிய மருந்தையே எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதுவரை அந்தக் கிருமி பார்த்தே இராத ஒரு பொருளை எங்கிருந்தாவது கொண்டு வந்தாக வேண்டும். கொயினா ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. அடுத்தது மரத்தைத் தின்னும் ஒன்றிடமிருந்து வரலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவையும் பாட்டியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிகழ்ச்சி நடத்தும் குரலில், ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். வாளியையும் காட்டினேன். ஓட்டையிலிருந்து இரண்டு சிறு குழாய்கள் மெதுவாக எட்டிப் பார்த்தன. பாட்டி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் கொயினா இருக்கா?”

“இது வேற மருந்து பாட்டி. இதோட செவுளுக்குள்ள இருக்கிற பூச்சி செய்யுது. இன்னும் மாத்திரையா வரல.”

“கசக்குமா?”

“யாரும் குடிச்சுப் பார்க்கல.”

“காதுல வண்டு கத்துமா?”

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பியின் பெயரை ஒரு முறை சொன்னார். ஐந்து வயசு, என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியப்பா மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

“கண்ணு, அது மரத்தைத் திங்கும்னு சொன்னல்ல?”

“ஆமா பாட்டி.”

“அப்போ அதை வெளிய கொண்டு போய் வை. கட்டில்ல ஏறிடப் போகுது.”

அது கடலில் வாழும் உயிர், தேக்குக் கட்டில்வரை நடந்து வர அதற்குக் கால் கிடையாது என்றெல்லாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அன்றிரவு வாளி கேட்டுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு பலகையை வைத்து மூடச் சொன்னார் பாட்டி. மரப்பலகை வேண்டாம், பிளாஸ்டிக் தட்டாகப் பார்த்து எடு என்றார்.